கிடைத்த பொருள்

போர்த்தோ நகரில், மருத்துவமனையின் நிலவறையில்
எங்கள் சலவைக்கூடம்.
ஆறு தெரியும் ஜன்னல் வேண்டுமென்றால்
ஏழு மாடி ஏறி நோயாளியாகப் படுக்க வேண்டும்.
இங்கே நீராவிதான். நாளைக்கு நாலு டன் துணி.

திங்களன்று மேலிடத்திலிருந்து படிவம் வந்தது.
இளநீலத் தாள்.
"உங்கள் வேலையில் கிடைத்த பொருள் என்ன?"
ஒன்று முதல் ஐந்துவரை ஓர் எண்ணை வட்டமிடவும்,
பிறகு சொந்த வார்த்தைகளில் நாலு வரி.
வெள்ளிக்குள் வாங்கித் தருவது என் பொறுப்பு.

தியோலிந்தாவுக்கு அறுபத்து நாலு.
"எழுதினால் ஓய்வூதியம் கூடுமா, தெல்மோ?"
கூடாது என்றேன்.
தாளை எட்டாய் மடித்து
ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு முட்டுக் கொடுத்தாள்.
முப்பத்தொரு வருஷம்.
இரண்டு பிள்ளைகளின் படிப்பு,
சமையலறைக்கு நீலப்பூத் தரையோடு,
புருஷனுக்குப் பல் செட்டு.
"பொருளெல்லாம் வீட்டில் இருக்கிறது, வந்து பார்."

இரியாவுக்கு இருபத்து மூன்று. கடலுயிர் படித்தவள்.
படிவத்தைப் போனில் படமெடுத்து
யாருக்கோ அனுப்பிவிட்டுச் சிரித்தாள்.
அப்புறம் சிரிக்கவில்லை.
"அழுக்காகிறது, வெளுக்கிறோம், அழுக்காகிறது.
இந்த வட்டத்தில் எந்த இடம் நான்?"

எனக்கு நாற்பத்திரண்டு.
என் தாளில் மூன்றை வட்டமிட்டிருந்தேன்.
மூன்று என்பது
வீட்டுக்கடன் உள்ளவர்களின் எண்.

புதன், பதினொன்றேகால்.
பிரிக்கும் பட்டையில் நின்ற இரியா
சிவப்புப் பொத்தானை அடித்தாள்.
அடித்ததும் கூடமே ஊமையானது.
அப்போதுதான் எங்களுக்கும் கேட்டது,
தலையணை உறை ஒன்றுக்குள்ளிருந்து
கொசுவின் குரலில் ஒரு விசில்.

"என்ன? என்ன நின்றுபோச்சு?" என்றாள் தியோலிந்தா.
விசில் அவளுக்குக் கேட்கவில்லை.
அவள் காதுகளை இயந்திரங்கள்
என்றைக்கோ வெளுத்துவிட்டன.

உறையை உதறினோம்.
மொச்சைக்கொட்டை அளவில் ஒரு காதுக்கருவி,
யாருடைய காதையோ இழந்த வளைவோடு.
மூட்டையில் சீட்டு இல்லை.
தியோலிந்தா உறையின் மூலையைத் திருப்பிப் பார்த்தாள்.
பச்சை நூல். நெஞ்சகப் பிரிவு.
போனை எடுத்தாள், தன் வழக்கப்படி கத்தினாள்,
மறுமுனை சொன்னதை என்னைக் கேட்டுச் சொல்லச் சொன்னாள்.

பதினான்காம் படுக்கை.
நேற்றிரவிலிருந்து எதற்கும் பதில் இல்லை.
"மனக்குழப்பம்" என்று குறிப்பேட்டில் ஏறிவிட்டது,
மாலையில் மூளைப் படம் எடுக்க ஏற்பாடு.

மின்தூக்கியைச் சாப்பாட்டு வண்டிகள் அடைத்திருந்தன.
இரியா படியில் ஓடினாள்.
நான் பொத்தானைத் தொடவில்லை.
எத்தனை கிலோ தேங்கும் என்று எனக்குத் தெரியும்,
தெரிந்தும் நின்றேன்.
தியோலிந்தா ஒரு விரிப்பை எடுத்துக் கையால் மடித்தாள்,
எந்திரம் செய்யும் வேலையை,
சும்மா, மூலைக்கு மூலை.

பதினோரு நிமிஷம்.
மூச்சு வாங்க இறங்கி வந்தாள்.
"என்ன சொன்னார்?"
"மாட்டிவிட்டு, கேட்கிறதா ஐயா என்று கேட்டேன்."
"அதுக்கு?"
"கத்தாதே என்றார்."

தியோலிந்தாவுக்கு அதை
இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.
பிறகு அவள் சிரித்த சிரிப்பில்
மேசை ஆடவில்லை.

வெள்ளிக்கிழமை.
இரியாவின் தாளில் எந்த எண்ணும் வட்டமிடப்படவில்லை.
கிடைத்த பொருள் என்ற இடத்தில்:
"காதுக்கருவி, ஒன்று. இடது."
கீழே சின்ன எழுத்தில்,
ஜூன் மாதம் விலகுகிறேன்,
அசோர்ஸ் தீவில் திமிங்கிலம் எண்ணும் வேலை கிடைத்திருக்கிறது.

என் மூன்றை அழிக்கப் பார்த்தேன்.
பேனா மை. அழியவில்லை.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்,
அது காது மாதிரி இருந்தது.

மேலிடத்திலிருந்து போன்:
மூன்றில் இரண்டுதானே வந்திருக்கிறது,
தியோலிந்தாவின் தாள் எங்கே?

குனிந்து மேசைக்காலைப் பார்த்தேன்.
"பயன்பாட்டில் இருக்கிறது" என்றேன்.